தேறக் கூடாத பரீட்சை

2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை, காலை ஆறு நாற்பது. மேல்காற்று முந்தின நாளிலிருந்தே ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. சன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் புழுதி ஒட்டியது. அந்த நேரத்தில் என் மனைவி முருகன் காலண்டருக்கு முன்னால் நின்று, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், வேண்டுதல் வைத்துவிட்டாள்.

“முருகா, இவுக இந்தப் படிப்புல தேறிட்டா, நான் வைகாசி விசாகத்துக்குச் செருப்பில்லாம நடந்தே திருச்செந்தூர் வாரேன்.”

பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் நுரையை விழுங்கிவிட்டேன்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர். வெறுங்காலில் நடந்து போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் நடக்கட்டும். எங்கள் வீட்டு நிலவரம் வேறு. எங்கள் வீட்டில் இரண்டு பேர், கால்விரல்கள் பத்தொன்பது. குறைகிற ஒன்று அவளுடையது. அவளுக்குச் சர்க்கரை வந்து பதினேழு வருடம் ஆகிறது. வலது கால் சுண்டுவிரலில் எதுவோ குத்தி, குத்தியது தெரியாமல் புண்ணாகி, புண்ணானதும் தெரியாமல் கறுத்து, கடைசியில் விரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் கால் அப்படியேதான் இருக்கிறது. ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போனவள் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தாள். மற்றது கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. நான் போகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போய், முட்டைக் கடை வாசலில் கிடந்ததை எடுத்து வந்தேன். “யாரோ களவாண்டுட்டான்னு நெனச்சேன்” என்றாள். காலில் போட்டிருக்கும்போதே களவாடுகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான்?

நான் படிக்கப் போனதே அந்தக் காலுக்காகத்தான். விரலை எடுத்த டாக்டரிடம் பதினொரு கேள்வி கேட்டேன். இரண்டுக்குப் பதில் சொன்னார். மூன்றாவதற்கு, “நீங்க என்ன படிச்சிருக்கீங்க?” என்று திருப்பிக் கேட்டார். பி.காம். என்றேன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுகிற டாலி கிளார்க்காக முப்பத்தோரு வருடம் இருந்தவன் என்றும் சொன்னேன். அவர் நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை. பேப்பரில் ஒரு பல்கலைக்கழக விளம்பரம் வந்தது: பொது சுகாதாரம் மற்றும் நல்வாழ்வு, முதுநிலைப் பட்டயம், ஓராண்டு, ஞாயிறு வகுப்புகள், வயது வரம்பு இல்லை. எனக்கு அறுபத்தெட்டு. சேர்ந்துவிட்டேன்.

மனைவியின் வேண்டுதலுக்குக் காரணம் பக்தி மட்டும் இல்லை என்பதை அன்று காலையே விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

“ஏளா, நான் பாஸாகணும்னு உனக்கு என்ன அவ்வளவு ஆசை?”

“நீங்க பாஸாயிட்டா ஊர்ல நாலு பேருக்குப் புத்தி சொல்லப் போயிருவிய. வீட்டுல எனக்கு நிம்மதி.”

“அதுக்குக் காலைப் பணயம் வைக்கணுமா?”

“பின்ன? உங்க வாய் அடங்குததுன்னா சும்மாவா? அதுக்குத் தக்கதாத்தான நேரணும்.”

ஆக நிலைமை இதுதான். அவள் காலைக் காப்பாற்றப் படிக்கிறேன். படித்துத் தேறினால் அவள் கால் போகும்.

முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. வகுப்பு ஒரு கல்லூரியின் மாடியில் நடந்தது. முப்பத்திரண்டு பேர், ஒன்பது மின்விசிறி, அதில் ஓடுவது ஐந்து. பாதிப் பேர் பதவி உயர்வுக்காக வந்த சுகாதாரத் துறைக்காரர்கள். அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, வேலை நாளில் முடிக்காத வேலையை முடித்தார்கள். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் முப்பது வயதுப் பையன். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், என்னை மட்டும் அங்கிள் என்பார். நல்வாழ்வு என்பது ஒரு சக்கரம், அதற்கு எட்டு ஆரங்கள் என்று திரையில் போட்டுக் காட்டினார். உடல், மனம், அறிவு, சமூகம், ஆன்மிகம், தொழில், பொருளாதாரம், சுற்றுச்சூழல். எட்டும் சமமாக இருந்தால்தான் வண்டி ஓடுமாம். சர்க்கரை நோயைப் பற்றிய வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு பாக்கெட் தூத்துக்குடி மக்ரூன் இனிப்பும் மூன்று கரண்டி சீனி போட்ட டீயும் கொடுத்தார்கள். வாரச் சிற்றுண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் அதுதான் கட்டுபடியாகிறதாம். நான் என் மக்ரூனைத் தின்றேன். முந்திரி கொஞ்சம் குறைவுதான்.

பாடப்புத்தகம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கு அரைப்பக்கம். சிரிப்பின் நன்மைகளுக்கு மூன்றரைப் பக்கம். அந்த அரைப்பக்கத்தை நான் மனப்பாடம் செய்தேன். வெறுங்காலில் நடக்கக் கூடாது. தினமும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். வெந்நீர் பதத்தைக் காலால் அல்ல, முழங்கையால் சோதிக்க வேண்டும். செருப்பைப் போடுமுன் உதறிப் பார்க்க வேண்டும்.

நாலாவது ஞாயிறு, டீ வேளையில், விரிவுரையாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“சூப்பர் அங்கிள்! உடல், சமூகம், ஆன்மிகம், மூணு ஆரமும் ஒரே ஆக்டிவிட்டியில கவர் ஆகுது. இதையே கேஸ் ஸ்டடியா எழுதிருங்க.”

“அவளுக்குக் காலில் உணர்ச்சி கிடையாது, சார்.”

“நடக்க நடக்க ரத்த ஓட்டம் வரும் அங்கிள். வாக்கிங் இஸ் மெடிசின்.”

“செருப்பு இல்லாமல் சார்.”

“எர்த்திங்னு இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு. வெறும் மண்ணுல நடக்கது. வெளிநாட்டுல பணம் கொடுத்துச் செய்யுதாங்க.”

திருச்செந்தூர் போகிற வழியில் பழையகாயல் பக்கம் ரோட்டோரத்தில் கிடக்கிற உடைமரத்து முள்ளை வெளிநாட்டுக்காரன் பார்த்ததில்லை என்று சொல்ல வந்தேன். அவருக்கு போன் வந்துவிட்டது.

சரி, படித்ததை வீட்டில் பிரயோகித்துப் பார்ப்போம் என்று தீர்மானித்தேன். பயனாளியின் நம்பிக்கையை மதித்துப் பேச வேண்டும் என்பது பாடம். நான் மதித்தேன். மாற்று வழிகளை அவரே தேர்ந்தெடுக்கும்படி முன்வைக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். முன்வைத்தேன். மொட்டை போடலாம், பால்குடம் எடுக்கலாம், உண்டியலில் போடலாம்.

“நடந்து வாரேன்னு சொல்லியாச்சு. சாமிகிட்ட வாய்தா வாங்க அது என்ன கோர்ட்டா?”

“உனக்குப் பதிலா நான் நடக்கேன்.”

“எனக்குப் பசிச்சா நீங்க சாப்பிடுவியளா?”

படங்களின் மூலம் விழிப்புணர்வு என்பது மூன்றாவது பாடம். அழுகிய பாதங்களின் படங்களைச் செல்போனில் இறக்கிக் காட்டினேன். அவள் அப்போது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். “சோறு திங்கும்போது காட்டுத படமா இது? இதுக்குத்தான் காசு கட்டிப் படிக்கியளா?” என்ற குரல் மட்டும் வந்தது. அன்றைக்கு என் தட்டில் சட்னி விழவில்லை.

எனக்கு ஒரு வழி சொன்னவன் பக்கத்து பெஞ்சுக்காரன். திரேஸ்புரத்துப் பையன், அப்பாவுக்கு இரண்டு விசைப்படகு உண்டு, இவன் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறான். சுவரில் மாட்ட ஒரு பட்டயம் வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தவன். புத்தகத்தைக் கடைசிவரை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுக்கவில்லை. என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“எங்க அம்மையும் இப்படித்தான் அண்ணாச்சி. நான் கடலுக்குப் போகாம கரையில தொழில் பார்த்தா உவரி அந்தோணியார் கோயிலுக்கு நடக்கேன்னு நேர்ந்தா. நடந்தா. முட்டி ரெண்டும் போச்சு. இப்ப என் ஜிம்முலதான் முட்டிக்கு எக்ஸர்சைஸ் செய்யுதா.”

“அப்ப என்னடே செய்ய?”

“நேர்ந்தது நீங்க பாஸானா தான? பேசாம ஃபெயிலாயிருங்க. அது என்ன பெரிய வித்தையா? நான் எத்தனை தடவை ஆயிருக்கேன்.”

கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து எதிலும் தவறியவன் இல்லை. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியில் யோசித்தேன். ஒரு பரீட்சையில் தவறினால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். விரல் முளைக்காது. வேறு வழி இல்லை என்று தெரிந்தது. மற்ற நான்கு தாள்களையும் ஒழுங்காக எழுதிவிட்டு, கடைசித் தாளில் மட்டும் தவறுவது என்று முடிவு செய்தேன். ஒரு தாளில் போனாலே தேர்ச்சி இல்லை.

ஏப்ரலில் பரீட்சை. கடைசித் தாளின் வினாத்தாளைக் கையில் வாங்கினேன். பகுதி இ, முதல் கேள்வி: நீரிழிவு நோயாளிகளின் பாதப் பராமரிப்பு முறைகளை விளக்குக. இருபது மதிப்பெண்.

என்ன அநியாயம் இது! வருடம் முழுவதும் நான் படித்ததே அந்த அரைப்பக்கம்தான். அந்தக் கூடத்தில் இருந்த யாருக்கும் அதற்கு ஆறு வரிக்கு மேல் எழுத வராது. எனக்கோ சொந்த அனுபவமும் சேர்த்து ஆறு பக்கம் எழுத வரும். பின்பெஞ்சுச் சுகாதார ஆய்வாளர் ஏதோ சிரிப்பின் நன்மைகளை எழுதி நிரப்பிக்கொண்டிருந்தார். நான் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போனால், பாதத்தைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் தெரியாதவன் என்று பதிவாகிவிடும்.

அதனால் கணக்குப் போட்டேன். தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். பாதக் கேள்விக்கு இருபது. இன்னும் பதினைந்துக்குச் சிறு கேள்விகள். மொத்தம் முப்பத்தைந்து. திருத்துகிறவர் முழு மதிப்பெண் அள்ளிப் போட்டாலும் நாற்பதைத் தொடாது. ஆத்திரம் தீர எழுதினேன். செருப்பு கழன்ற கதையைக்கூட எடுத்துக்காட்டாகச் சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, மீதி இரண்டு மணி நேரம் பேனாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்காணிப்பாளர் வந்து, “உடம்புக்கு முடியலையா ஐயா?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தேன்.

விசாகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது முடிவு வந்தது. திரேஸ்புரத்துப் பையன்தான் போனில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

“அண்ணாச்சி, கவுந்திட்டியளே! பாஸ்.”

“விளையாடாதடே.”

“நாப்பத்தொண்ணு. நானும் பாஸ்.”

அவன் பாஸ் என்றதும்தான் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று உறுதியாயிற்று. விசாரித்தேன். பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து வந்துவிட்டதாம். யாரோ மனுக் கொடுத்தார்களாம். கேள்வியைத் தொட்டவன், தொடாதவன் எல்லாருக்கும் பத்து மதிப்பெண் போட்டுவிட்டார்கள். நான் உழைத்துச் சம்பாதித்தது முப்பத்தொன்று. பல்கலைக்கழகம் தானம் செய்தது பத்து. அந்த முப்பத்தொன்றிலும் பாதக் கேள்விக்குப் பதினெட்டுதான். இரண்டு மதிப்பெண்ணை எதற்குக் குறைத்தார்கள் என்று இன்றுவரை விளங்கவில்லை.

நான் போனை வைப்பதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்துவிட்டது.

“பாஸா?”

மறுநாளே பாதயாத்திரைக்கு உடுத்தப் பச்சைச் சேலை ஒன்று எடுத்து வந்தாள். பக்கத்துத் தெருவிலிருந்து நடக்கிற பெண்களோடு சேர்ந்துகொள்வதாகப் பேசி முடித்தாள். காலைப் பழக்குகிறேன் என்று மாடியில் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் கண்ணாடி வைத்து அவள் பாதத்தைப் பார்த்தேன். இடது குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு, துவரம்பருப்பு அளவு, ஏறி உட்கார்ந்திருந்தது. ரத்தம் காய்ந்து போயிருந்தது. எப்போது ஏறியது என்று கேட்டேன். “என்னது?” என்றாள்.

இடுக்கியால் அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். பிறகு நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். முப்பத்தைந்துக்கு மட்டும் எழுதியதையும் மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். கெஞ்சிச் சொன்னேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப சாமி காரியத்துல கள்ளத்தனம் பண்ணியிருக்கிய.”

“உன் காலுக்காகத்தான்.”

“எதுக்கோ. பண்ணினியளா இல்லையா?”

“பண்ணினேன்.”

“உங்க மார்க்கு எத்தனை?”

“நாற்பத்தொண்ணு.”

“அவுக போட்டது போக?”

“முப்பத்தொண்ணு.”

“பாஸுக்கு எத்தனை வேணும்?”

“நாற்பது.”

“அப்ப நீங்க பாஸாகல. அவுகளா இரக்கப்பட்டுப் பத்து போட்டிருக்காக. நான் நேர்ந்தது நீங்க தேறினா. நீங்க தேறல. நான் எதுக்கு நடக்கணும்?”

சட்டப்படி அது தேர்ச்சிதான். பல்கலைக்கழகம் முத்திரை வைத்துக் கொடுக்கிற தேர்ச்சி. கருணை மதிப்பெண் வாங்கித் தேறியவர்கள் இந்த மாவட்டத்தில் எந்தெந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அறுபது வருடத்தில் தவறாத ஒருவனை, ஒரு மனுஷி அவன் வீட்டுக்குள்ளேயே வைத்து ஃபெயில் என்கிறாள். வாய்வரை வந்த பதிலை நான் அடக்கியதுதான் அந்தப் படிப்பில் நான் செய்த ஒரே பொது சுகாதாரப் பணி.

“ஆமா. ஃபெயில்தான்” என்றேன்.

“சரி. ஆனா சாமியை ஏமாத்தப் பார்த்ததுக்குத் தெண்டம் உண்டுல்லா? அது உங்க கணக்கு. நீங்க நடங்க.”

நடந்தேன். விசாகத்துக்கு முந்தின நாள் விடியற்காலை கிளம்பினேன். அவள் பஸ்ஸில் வந்தாள். நான் ஒவ்வொரு ஊரை எட்டும்போதும் அங்கே வேப்பமர நிழலில் முன்கூட்டியே உட்கார்ந்திருந்தாள், காலில் செருப்போடு. என் செருப்பு அவள் மடியில் மஞ்சள் பையில் இருந்தது. பழையகாயலைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் உப்புக் குவியல் வெயிலில் கண்ணைக் குத்தியது. தார் ரோட்டில் கால் வைக்க முடியவில்லை, ஓரத்தில் வைத்தால் முள். ஆத்தூரில் சாயங்காலம் உட்கார்ந்தபோது இரண்டு உள்ளங்காலிலுமாக ஏழு கொப்புளம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாதயாத்திரைப் பெண்கள் என் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தார்கள்.

“அண்ணாச்சிக்கு என்னக்கா வேண்டுதல்?”

“பரீட்சை.”

“பேரன் பாஸாயிட்டானா?”

“பேரன் இல்ல, இவுகதான். பாஸும் ஆகல.”

“ஃபெயிலானதுக்கா நடக்காக?”

“வேணும்னே ஃபெயிலானாக. அதுக்கு.”

ஒருத்தி தன் வாழைப்பழத்தில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். புத்தி சரியில்லாதவர்களிடம் நீட்டுகிற மாதிரி, கையை முழுக்க நீட்டி.

மறுநாள் முற்பகலில் கோயிலை அடைந்தேன். மூன்றரை மணி நேரம் வரிசை. அவள் கும்பிட்டு முடித்து, பிராகாரத்தில் என்னை உட்காரவைத்து, என் பாதங்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். “யம்மா!” என்றாள். “இப்படியா ஆகும்?” அன்றைக்குப் பிறகு இன்றுவரை அவள் வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கவில்லை. பாடம், படம், முன்வைப்பு ஒன்றும் செய்யாததை என் இரண்டு உள்ளங்கால் செய்தது. அதை எந்த ஆரத்தில் சேர்ப்பது என்று விரிவுரையாளரைக் கேட்க வேண்டும்.

கொப்புளம் இரண்டு சீழ் வைத்தது. தூத்துக்குடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பத்து நாள் கட்டுப் போட்டார்கள். அங்கிருந்த டாக்டர் பெண் கேட்டாள்: “இந்த வயசுல வெறுங்கால்ல நடக்கலாமா ஐயா? கொஞ்சமாவது விழிப்புணர்வு வேண்டாமா?” நான் பட்டயம் பெற்றவன் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் மனைவி இருந்தாள். “வேணும்தான்” என்றேன்.

படிப்புக் கட்டணம் பதினாறாயிரத்து ஐந்நூறு, தேர்வுக் கட்டணம் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது, காலுக்குக் கட்டும் மருந்தும் இரண்டாயிரத்து எழுநூற்று எண்பது, அவள் பஸ்ஸும் இளநீரும் அர்ச்சனையும் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. ஆக மொத்தம் இருபத்தோராயிரத்து ஐந்நூற்று இருபத்தைந்து ரூபாய்.